தலித் சிறுதொழில்கள் ஏன் வளர்வதில்லை? ஆய்வுகளும் சட்டமும்

வேலை தேடுவோராக இராமல் வேலை தருவோராக மாறுங்கள் என்ற அறிவுரை தலித் இளைஞர்களுக்குப் பல மேடைகளில் வழங்கப்படுகிறது. 2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் நிறுவிய தலித் இந்திய வர்த்தக, தொழிற்சபையின் முழக்கமும் இதுவே. அறிவுரை தவறன்று. ஆனால் தொழிலைத் தொடங்குவது வேறு, அதை வளர்ப்பது வேறு. தடை எங்கே இருக்கிறது என்பதை ஆய்வுகளின் துணையோடும் சட்டத்தின் துணையோடும் இங்கே பரிசீலிக்கிறோம்.

எண்கள் காட்டும் நிலை

லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்ணே ஆகியோர் 1990, 1998, 2005 ஆண்டுகளின் பொருளாதாரக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். 2005இல் மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த பட்டியல் சாதியினருக்கு உரிமையான தொழில் நிறுவனங்கள் 9.8 விழுக்காடு மட்டுமே. அந்நிறுவனங்களும் அளவில் சிறியவை. பதினைந்து ஆண்டுகளில் இந்த இடைவெளி மிகச் சிறிதளவே குறைந்தது. கல்வி, நில உடைமை ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வை மட்டும் கொண்டு அதை விளக்கவும் இயலவில்லை.

அஸ்வினி தேஷ்பாண்டே, ஸ்மிருதி சர்மா ஆகியோரின் ஆய்வுகள் ஒரு படி மேலே செல்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களில் பெரும்பாலானவை உரிமையாளரே உழைக்கும் சிற்றலகுகள். அவற்றைத் தொழில்முனைவு என்பதா, பிழைப்பு என்பதா என்று 2013இல் அவர்கள் வினவினர். 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிறுதொழில் வருமானத்தில் சாதிகளுக்கிடையே உள்ள இடைவெளியில் 55 விழுக்காடு வரை பாகுபாட்டின் விளைவாக இருக்கலாம் என மதிப்பிட்டனர்.

வளர்ச்சி தடைபடும் இடம்

சிறு நிறுவனம் ஒன்று வளர்வதற்குக் கடனுக்குச் சரக்கு, தொடர் ஆர்டர், வாடகைக்கு இடம், வங்கிக் கடன் ஆகியவை தேவை. ஒவ்வொன்றும் நம்பிக்கையைச் சார்ந்தது. நம் சந்தையில் நம்பிக்கை சாதி வழியே பயணிக்கிறது.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் இதற்குச் சான்று தந்தனர். உள்ளூர் கவுண்டர் சமூகத்தினர் வெளியாரைவிட மிகுதியான மூலதனத்தோடு தொடங்கினர். ஆனால் வேகமாக வளர்ந்தவை வெளியாரின் நிறுவனங்களே. அதாவது மூலதனம் திறமையைத் தேடிப் போகவில்லை, சமூக உறவைத் தேடிப் போனது. அத்தகைய உறவு வலையும் ஈடு வைக்க நிலமும் இல்லாத தலித் முனைவோரின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். பானிப்பத், சகாரன்பூர் நகரங்களில் சுரிந்தர் ஜோத்கா நடத்திய ஆய்வும் இந்த இரு இல்லாமைகளையே பதிவு செய்தது.

வங்கியும் விதிவிலக்கன்று. ஃபிஸ்மன், பாராவிசினி, விக் ஆகியோர் இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றின் தரவுகளை ஆராய்ந்தனர். கடன் அதிகாரியும் கடன் பெறுபவரும் ஒரே சாதி அல்லது மதத்தவராக இருக்கும்போது கூடுதல் கடன் கிடைப்பதை அவர்கள் கண்டறிந்தனர். அதிகாரியின் நாற்காலியில் யார் அமர்கிறார் என்பதும் தொழில் வளர்ச்சிக் கேள்வியே. ஆகவே இடஒதுக்கீடும் தொழில்முனைவும் எதிரெதிரானவை அல்ல.

சட்டத்தில் உள்ளவை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அது 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதற்கு விரிவான வரையறை அளிக்கிறது: வணிகம் செய்ய மறுத்தல், ஒப்பந்த வாய்ப்புகளை மறுத்தல், வழக்கமான வணிக நிபந்தனைகளின்படி நடக்க மறுத்தல் ஆகியவை அதில் அடங்கும். பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மீது பிற சமூகத்தவர் அதைச் சுமத்துவதும் சுமத்துவதாக மிரட்டுவதும் பிரிவு 3(1)இன் கீழ்க் குற்றம். தொழில் அல்லது வணிகம் செய்வதைத் தடுப்பதும் அதே பிரிவின்கீழ்க் குற்றமே.

எனினும் குற்றவியல் சட்டத்தின் எல்லையையும் உணர வேண்டும். "உனக்குச் சரக்கு இல்லை" என்று ஊர் கூடி மறுத்தால் வழக்குத் தொடரலாம். யாரும் எதையும் சொல்லாமல், கடனும் ஆர்டரும் வேறு வாசலுக்குப் போனால் குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது? அந்த இடத்தை நிரப்ப வேண்டியது அரசின் கொள்கை.

அங்கேதான் ஓட்டைகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் ஆணை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. அவர்கள் டெண்டரில் பங்கேற்கத் தவறினாலோ அதன் நிபந்தனைகளை நிறைவு செய்யாவிட்டாலோ, அப்பங்கைப் பிற குறு, சிறு நிறுவனங்களைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்றும் அதே ஆணை சொல்கிறது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்க வகை செய்தது. ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் தொழிலை வளர்க்க விரும்புவோர் அதன் வாசலுக்கு வெளியே நின்றனர்.

செய்ய வேண்டியவை

தொழில் செய்வோர் மறுப்புகளை ஆவணப்படுத்த வேண்டும். தேதி, விலைப்புள்ளி, கடிதம், குறுஞ்செய்தி அனைத்தும் சான்றுகளே. மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் மாவட்டத்தில் இயங்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: மொத்தக் கொள்முதல் எவ்வளவு? பட்டியல் சாதி, பழங்குடியினரிடமிருந்து பெற்றது எவ்வளவு? நிரப்பப்படாத பங்கு எவருக்குப் போனது?

எத்தனை தலித்துகள் தொழில் தொடங்கினர் என்ற கணக்கை அரசுகள் ஆண்டுதோறும் தருகின்றன. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவற்றில் எத்தனை நிலைத்தன, எத்தனை வளர்ந்தன என்ற கணக்கை நாம் கேட்டுப் பெற வேண்டும்.