தரம் பிரித்தலும் சாதி ஒழிப்பும்



கூடலூர், கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர், தேனி அல்லிநகரம், பெரியகுளம் என நம் மாவட்டத்தின் நகராட்சிகளில் திடக்கழிவு மேலாண்மைக்கு நீண்டகாலத் திட்டம் வேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. எத்தனை டன், எத்தனை பேட்டரி வண்டி, எத்தனை உரக்கூடம் என்பதைத் தாண்டி நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. குப்பையைத் தொடும் கை ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியின் கையாக இருக்கிறது?

உழவர் வீட்டுக் குப்பை ஒரு காலத்தில் குப்பைக்குழிக்குப் போய் அவரவர் வயலுக்கே எருவானது. மலமும் செத்த மாடும் மட்டும் சேரித் தலையில் ஏற்றப்பட்டன. ஊர் நகரமானபோது எடுப்புக் கக்கூஸ் பெருகியது. குப்பையையும் மலத்தையும் அகற்றுவதை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகராட்சியின் பொறுப்பாக்கியது. நகராட்சி அந்தப் பொறுப்பை யாரிடம் தந்தது? கிராமத்தில் எவரைத் தோட்டி என்றார்களோ அவர்களிடமே, பெரும்பாலும் அருந்ததியரிடம். 1936இல் அம்பேத்கர், சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளிகளையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று விளக்கினார். அந்தப் படிநிலை நகராட்சியின் சம்பளப் பதிவேட்டில் அப்படியே ஏறியது.

கையால் மலம் அள்ளுவதை 1993, 2013 சட்டங்கள் தடை செய்தன. 1993 முதல் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குப்பையின் சட்ட வரலாறு வேறு வழியில் வந்தது. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியது. 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவை பொறுப்பை உள்ளாட்சிகளின் மீதே வைத்தன. 2016 விதிகள்தான் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவதை ஒவ்வொரு வீட்டுக்கும் கடமையாக்கின.

இதைச் சுற்றுச்சூழல் விதியாக மட்டும் நாம் படிக்கக் கூடாது. வீட்டில் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் பிரித்தே ஆக வேண்டும். உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் எல்லாம் கலந்து வரும் குவியலில் அந்த யாரோ ஒருவர் தூய்மைப் பணியாளர்தான். தன் அழுக்கைத் தன் கையால் பிரிக்க மறுப்பதும் தீண்டாமையே.

பிரிக்காத குப்பை கிடங்கில் அழுகிக் கசிவுநீராகிறது. 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஓடி, தேனி அருகே வைகையில் கலந்து, 1959இல் திறந்த வைகை அணையைச் சேர்கிறது. நம் கரையில் கொட்டுவது மதுரையின் குடிநீர் வரை போகும்.

2020இல் அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என மாற்றியது. பெயருக்கு மரியாதை வந்தது. வேலையோ நிரந்தரத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு நழுவிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்த பணியாளர்களை நள்ளிரவில் கைது செய்ததை நாம் பார்த்தோம்.

ஆகவே நீண்டகாலத் திட்டம் என்றால் அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். பணியாளருக்கு நகராட்சியே நேரடியாகத் தரும் நிரந்தர வேலை. கையுறை, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை. பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் உரிமை. அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வராமலிருக்கக் கல்வியும் மாற்று வேலையும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் நகராட்சியிடம் கேளுங்கள்: குப்பை ஒப்பந்தத்தின் நகல், தினக்கூலி எவ்வளவு, வைப்பு நிதி கட்டப்படுகிறதா, நிரந்தரப் பணியிடங்களில் எத்தனை காலி. வரும் பதில்களைத் தொகுத்தால், நம் பள்ளத்தாக்கின் திட்டத்தை நாமே எழுதத் தொடங்கலாம்.