புதுப்புனலும் ஓவிய மண்டபமும்

“கட்டிய மனைவியைக் கூட்டிக்கொண்டு காவிரிக்கரையில் உலாவுவதா? கலைக்கூடத்தில் படம் பார்ப்பதா? இதெல்லாம் மேனாட்டார் பழக்கம்! நம் மண்ணின் மரபுக்கு ஒவ்வுமா?” என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் எங்கள் பாலக்கரையிலும் உண்டு, பிற ஊர்களிலும் உண்டு. கணவன் மட்டும் போனால் அது பொழுதுபோக்கு. மனைவியும் உடன் போனால் அது பொறுப்பின்மை! இதுதான் அவர்கள் வகுத்து வைத்திருக்கும் நீதி.

அவர்கள் மரபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது. நாமும் அதே சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்போம். பருவம் தரும் இன்பத்தையும் கலை தரும் இன்பத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்து நுகர்வது இம்மண்ணுக்குப் புதிதா? அதற்குத் தடை போட்டவர் யார்? தடை எப்போது வந்தது? விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உறையூரும் திருவரங்கமும் மலைக்கோட்டையும் போதும்.

அரங்கத்து அடுப்புகள்

அகநானூற்றில் 137ஆம் பாட்டைப் பாடியவர் உறையூர் முதுகூத்தனார்; நம் ஊர்ப் புலவர். உறையூரை அடுத்த பேராற்றங்கரையில், வெண்மணற் பரப்பில், மணம் கமழும் சோலையில் பங்குனி விழா நடந்ததை அவர் குறிக்கிறார். அவர் காட்டுவது விழா முடிந்த மறுநாட் காட்சி. கூட்டம் கலைந்துவிட்டது, சருகும் பூவும் சிதறிக் கிடக்கின்றன, சமைத்த அடுப்புகள் மட்டும் நெருப்பு அவிந்து நிற்கின்றன. அந்த அரங்கத்தைப் போலப் பொலிவிழந்து போனாளாம் பிரிவை எண்ணி வருந்தும் தலைவி.

அரங்கம் என்ற சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது ஒரு பொருள். இரு கிளைகளுக்கு இடையே கிடக்கும் திருவரங்கத்தின் பெயரே அதற்குச் சான்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆற்றங்கரைக்கு மக்கள் அரிசியும் கலமும் சுமந்து வந்தனர், அங்கேயே சமைத்தனர், உண்டனர், ஆடினர். தமிழரின் ஆற்றங்கரை உலாவுக்கு இந்த ஆறிய அடுப்புகளைவிட அழகான சான்று வேறென்ன வேண்டும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிரிவுத் துயரைச் சொல்ல வந்த புலவருக்கு ஏன் விழா முடிந்த இடம் நினைவுக்கு வந்தது? காதலர் கூடி மகிழும் நாளாக அந்தப் பங்குனி விழா ஊரார் உள்ளத்தில் பதிந்திருந்தது. அதனால்தான் உவமை பொருந்திற்று. இறையனார் களவியல் உரையும் மதுரை ஆவணி அவிட்டத்தோடும் கருவூர் உள்ளிவிழாவோடும் உறையூர்ப் பங்குனி உத்திரத்தைச் சேர்த்துச் சொல்கிறது. அந்நாளில் நாடறிந்த விழாக்களில் ஒன்று நம் ஊர் விழா!

கேள்வி கேட்ட பெண்கள்

ஆறு சரி, ஓவியம்? அதற்குப் பரிபாடலைப் பிரிப்போம். எழுபது பாட்டுகள் கொண்டதாகச் சொல்லப்படும் அந்நூலில் முழுமையாக நமக்குக் கிடைத்தவை இருபத்திரண்டே. உ. வே. சாமிநாதையர் 1918இல் அச்சேற்றினார். அதன் 19ஆம் பாட்டில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். எழுத்துநிலை மண்டபம் என்பது அதன் பெயர்.

மலைக்கு வந்த மக்கள் சுவரோவியங்களின் முன் நிற்கின்றனர். இவள் யார், இவன் யார் என்று வினவுகிறார் ஒருவர். இவள் இரதி, இவன் காமன் என்று விடை வருகிறது. அடுத்த படம்: பூனை ஒன்று, பெண் ஒருத்தி, சினந்த முனிவன் ஒருவன். பூனை வடிவில் ஓடுபவன் இந்திரன், பெண் அகலிகை, முனிவன் கௌதமன், அவள் கல்லானது இப்படி என்று விளக்குகின்றனர் சிலர். காதலரும் குடும்பத்தாரும் திரண்டு வந்து, கலைப்படைப்பின் முன் நின்று, கேட்டும் சொல்லியும் களித்த காட்சி இது. இன்று கண்காட்சிக்கூடத்தில் நாம் செய்வதும் இதையேதான்.

குற்றம் புரிந்த தேவராசன் பூனையாய்த் தப்பி ஓடுகிறான். அவன் வஞ்சனைக்கு ஆளானவளோ கல்லாய்ச் சமைகிறாள்! இந்த நீதியைப் பார்த்து அந்த மண்டபத்தில் எந்தப் பெண்ணாவது, “ஓடியவனுக்குத் தண்டனை இல்லையா?” என்று கணவனைக் கேட்டிருக்கமாட்டாளா? புலவர் அதைப் பதிவு செய்யவில்லை. ஆனால் அவளும் அருகில் நின்று பார்த்தால்தானே அந்தக் கேள்வியே பிறக்கும்? பெண்ணைப் படத்தின் முன் நிறுத்தத் தயங்குவோர் அஞ்சுவது படத்தை அன்று. அவள் கேட்கப்போகும் கேள்வியை!

கண்ணகி கண்ட காவிரி

பண்டைக் காலத்தைப் பொற்காலம் என்று பூசி மெழுகுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. வையைப் புதுப்புனலைப் பாடும் அதே பரிபாடல், கணவன் பரத்தையோடு புனலாடியதால் மனைவி கொண்ட சினத்தையும் பாடுகிறது. விழாவில் இன்பம் இருந்தது. இல்லாளுக்கு அதில் பங்கு எப்போதும் இருந்ததில்லை.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். புகாரில் இந்திர விழா. நகரமே விழாக்கோலம் பூண்டிருக்கிறது. விழா முடிந்ததும் கோவலன் கோவேறு கழுதை மீது ஏறி, மாதவி வண்டியில் ஏறி, இருவரும் கடற்கரைக்குச் செல்கின்றனர். யாழும் பாட்டும் அங்கே. கண்ணகி எங்கே? வீட்டில்! விழா நாளில் அவள் கண்ணும் நீர் உகுத்தது என்கிறார் இளங்கோ. கலை ஒருத்திக்கு, கற்பு ஒருத்திக்கு. உலா ஒருத்திக்கு, உம்மென்ற மௌனம் ஒருத்திக்கு!

கணவனோடு கண்ணகி சேர்ந்து நடந்த முதல் நெடும்பயணம் எது? பொருளெல்லாம் இழந்த பின், பொழுது புலருமுன், சிலம்பு விற்கப் புறப்பட்ட பயணம். ஊர் தாண்டிச் சிறிது தொலைவிலேயே, மதுரை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். அதுவரை அவளுக்கு உலகம் காட்டப்படவில்லை என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதாதா?

அந்தப் பயணம் நம் ஊர் வழியாகத்தான் நடந்தது. நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தி அடிகளும் அரங்கத்தை அடைகின்றனர். ஓடமேறிக் காவிரியைக் கடக்கின்றனர். தென்கரையில் ஒரு பூஞ்சோலையில் இளைப்பாறுகின்றனர். அப்போது அங்கே வம்பன் ஒருவனும் அவன் துணையாகப் பரத்தை ஒருத்தியும் வருகின்றனர். “காமனும் இரதியும் போன்ற இவர்கள் யார்?” என்று கேலி. என் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டா என்று மேலும் இழிமொழி. கண்ணகி செவியைப் பொத்திக்கொண்டு கணவன் முன் நடுங்கி நிற்கிறாள். அடிகள் சினக்கிறார், இருவரும் நரியாகிறார்கள். கோவலனும் கண்ணகியும் அவர்களுக்காக இரங்கி வேண்ட, உறையூர் மதிற்புறத்தில் பன்னிரு திங்கள் திரிந்தபின் பழைய உருப் பெறுவர் என்று சாபத்துக்கு எல்லை கட்டுகிறார்.

சாபத்தால் மனிதன் நரியாவான் என்பதை நாம் நம்பவில்லை. ஆனால் சோலையில் சேர்ந்து அமர்ந்த கணவன் மனைவியைப் பார்த்துக் குரைக்கும் குணம் நரிக்குணம் என்று இளங்கோ எழுதிவைத்த தீர்ப்பை மறுக்க முடியுமா? அந்தக் குணத்துக்குப் பன்னிரு திங்களோடு முடிவு வரவில்லை. பூங்காவில் இணைந்து அமர்ந்த இளையோரைப் பண்பாட்டின் பெயரால் மிரட்டும் கூட்டமாக அது இன்றும் உலவுகிறது. அதற்குச் சாபம் மருந்தாகாது. சட்டமும் சமுதாயத் துணிவுமே மருந்து.

அரசர் கையில் கலை

இடைக்காலத்தில் இணைந்து கண்ட இன்பம் எங்கே போயிற்று? அரண்மனைக்குள் போயிற்று. ஏழாம் நூற்றாண்டில் மலைக்கோட்டையில் குகைக்கோயில் குடைந்தான் முதலாம் மகேந்திரவர்மன். சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்ட கலைஞன். மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன். அக்குகையின் வடமொழிக் கல்வெட்டு ஒரு கற்பனை செய்கிறது. ஆறுகளில் ஆசை கொண்ட தன் கணவன், எழில் பொங்கும் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சி, மலைமகள் பிறந்தகம் விட்டு இந்த மலைக்கே வந்து குடியிருக்கிறாளாம். காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்! கவிதை இனிக்கிறது. ஆனால் அதிலும் ஆற்றழகு ஆணுக்கு. மனைவிக்குக் காவற்காரி வேலை!

புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமாகியது. அங்குள்ள சித்தன்னவாசல் சமணக் குகையின் தூண்களில் ஆடல் மகளிர் ஓவியமாய் நிற்கின்றனர். ஒரு தூணில் முடி சூடிய மன்னனும் அருகே அரசியும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் என்று அம்மன்னனை ஆய்வாளர் பலர் கருதுவர். திருவரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்கள் உள்ளன. அவற்றிலும் அரசனும் அரசியும் நெருங்கி நிற்கின்றனர். காதலிணைகள் தழுவி நிற்கின்றன. மன்னன் தன் துணைவியோடு நிற்பது கலை! குடிமகன் தன் துணைவியோடு நிற்பது மட்டும் குற்றமா?

அக்கலைச் செல்வம் யார் கண்ணுக்குக் கிட்டியது என்பதும் வரலாற்றின் கேள்வி. ஆலயத்துக்குள் நுழையவே தடுக்கப்பட்டிருந்த மக்களுக்குச் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டமே கதவைத் திறந்தது. பிரெஞ்சுப் புரட்சி மன்னனின் ஓவியங்களை மக்களுக்கு உரிமையாக்கி, லூவர் அரண்மனையை 1793இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கலை மக்களிடம் வருவதற்கு எங்கும் கதவுகள் உடைபட வேண்டியிருந்தது.

திருச்சியில் அரசு அருங்காட்சியகம் 1983இல் தொடங்கிற்று. இன்று அது மலைக்கோட்டை அடியில் இராணி மங்கம்மாள் மண்டபத்தில் இருக்கிறது. நாயக்கர் கொலுவீற்றிருந்த கூடத்தில் இன்று பாலக்கரைத் தொழிலாளியும் அவன் துணைவியும் சிறு கட்டணத்தில் நுழையலாம். அந்த மங்கம்மாள் யார்? 1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாடாண்ட கைம்பெண்! ஆட்சிக்கு உதவிய கைம்பெண்ணைத்தான் மங்கல நாளில் ஆற்றங்கரைக்கு ஆகாதவள் என்று விலக்கினார்கள்.

ஆடியில் ஒரு முரண்

குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பொழிய, ஆடியில் காவிரி பெருகும். உழவன் விதைக்கத் தொடங்குவான். இதுதான் ஆடிப்பெருக்கின் வேர். 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு, புதுப்புனல் வரும் நாளை அணையின் மதகும் சேர்ந்து முடிவு செய்கிறது. இயற்கையும் பொறியியலும் கூடிக் கொடுக்கும் விழா இது.

இதற்கு நாம் செய்தது என்ன? ஆடி பிறந்ததும் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து, கணவனையும் மனைவியையும் பிரித்து வைக்கிறோம். ஆறு பெருகும் திங்களில் அன்புக்கு அணை! பின் பதினெட்டாம் நாள் அம்மா மண்டபத்துக்கு இருவரையும் கூட்டிவந்து, தாலிக்கயிற்றை மாற்றி, மணமாலையை ஆற்றில் விட்டு, சடங்கு முடிந்ததென்று திருப்பி அனுப்புகிறோம். ஆறு வறண்ட ஆண்டுகளில் குழாய் நீரில் தலை நனைத்தாவது சடங்கை நிறைவேற்றினோம். ஆறு ஏன் வறண்டது என்று கேட்டோமா? இராசராசனின் பட்டப்பெயரால் வழங்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலக்கரை வழியே நகரத்துக் கழிவைச் சுமந்து ஓடியபோது வருந்தினோமா? ஆற்றை வணங்கக் கற்ற நாம், அதை நேசிக்க மறந்தோம்.

தோழர்களே! ஆடிப்பெருக்கை விட்டொழிக்கச் சொல்லவில்லை. அதன் இன்பத்தை மீட்கச் சொல்கிறேன். கட்டுச்சோறு இருக்கட்டும், புதுவெள்ளம் இருக்கட்டும், கயிற்றுக் கணக்கும் மங்கலம் அமங்கலம் என்ற பாகுபாடும் போகட்டும். கணவனை இழந்தவளும் கரைக்கு வரட்டும், மணமாகாதவளும் வரட்டும்.

கதவு திறந்திருக்கிறது

1905இல் திருச்சியில், இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி ஒன்றை வாங்கி, ஓடும் படத்தை ஊர்தோறும் காட்டப் புறப்பட்டார். தமிழகத்துத் திரைக்கூடங்களில் நெடுங்காலம் பெண்களுக்குத் தனி இடம். ஒரே படத்தைக் கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமும் பார்த்தனர். அந்தத் தடுப்பு விழுந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது. மனைவி என்பவள் உடைமை அல்லள், ஒத்த துணை என்ற கருத்துக்கு அரசின் முத்திரை கிடைத்தது.

ஒத்த துணை என்றால் உழைப்பில் மட்டுமா? ஓய்விலும் ஒத்த பங்கு வேண்டாமா? கணவனுக்கு ஞாயிறு விடுமுறை. மனைவிக்கு ஞாயிற்றிலும் அடுப்படி! அகநானூற்றின் அடுப்பாவது ஆற்றங்கரையில் எரிந்தது. நம் வீட்டு அடுப்போ அவளை வாசல் தாண்டவிடாமல் எரிகிறது. உலாவுக்குப் புறப்படும் நாளில் சோறு கட்டும் வேலையை இருவரும் பகிர்ந்து செய்யுங்கள். அங்கே தொடங்குகிறது சீர்திருத்தம்.

தையில் காணும் பொங்கலுக்கு முக்கொம்பு செல்லுங்கள். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் அங்கே 1836இல் எழுந்த மேலணையின் கதையைப் பேசுங்கள். மழை ஓய்ந்ததும், 2015இல் திருவரங்கத்தில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பாருங்கள். வெயில் நாளில் மங்கம்மாள் மண்டபத்து நிழலில் சிற்பங்களின் முன் நில்லுங்கள். அவள் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் கேளுங்கள், அவள் சொல்லட்டும். தெரியாததை இருவரும் படித்தறியுங்கள்.

கண்ணகி காவிரியைக் கடந்தபோது கையிலிருந்ததை விற்கும் கவலையோடு கடந்தாள். நம் வீட்டுப் பெண்கள் களிப்போடு கடக்கட்டும்!