காஷான் குயவர் எழுதிவைத்த தேதி



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவன் நான். மங்கோலியப் படையெடுப்பைப் பற்றிப் பாடம் சொல்லும்போதெல்லாம், "பாரசீகத்தில் கலைகள் அத்துடன் அழிந்தன" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளும் அதை அப்படியே பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெறுவார்கள். அவ்வாக்கியம் பிழை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அதை எனக்கு அறிவித்தது ஓர் அடி அகலமுள்ள சுட்ட ஓடு ஒன்றின் படம்.

எட்டு முனைகளையுடைய விண்மீன் வடிவம் அது. நடுவே பொன்னிறத்தில் இலைகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. விளிம்பைச் சுற்றிலும் திருக்குர்ஆன் வசனங்கள் அரபு எழுத்தில் ஓடுகின்றன. தெஹ்ரானுக்குத் தென்கிழக்கே வராமீன் என்னும் ஊரில், நபிகள் நாயகத்தின் பேரர் ஹசனின் வழிவந்த யஹ்யா என்பவரின் சமாதிச் சுவரை அணி செய்தவை இத்தகைய ஓடுகள். விண்மீன்களுக்கிடையே சிலுவை வடிவ ஓடுகளைப் பொருத்தி, இடைவெளியின்றிச் சுவரை மூடியிருந்தனர். அவற்றுட் சிலவற்றில் வசனம் முடியும் இடத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஹிஜ்ரி 660-இன் கடைசி மாதமும் 661-இன் முதல் மாதங்களும் அவை. நம் கணக்கில் 1262-63.

இந்தத் தேதியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஹுலாகுவின் படை பாக்தாத் நகரைச் சூறையாடிக் கலீபாவைக் கொன்றது 1258-இல். நான்கே ஆண்டுகளில் பாரசீகத்தில் ஒரு சமாதிக்கு இத்தனை ஓடுகள் சுட்டெடுக்கப்பட்டிருக்கின்றன! பழம்பெரும் ரய் நகரம் 1220 வாக்கில் மங்கோலியரால் பாழாயிற்று. அதன் பின்பே அருகிலிருந்த வராமீன் செழித்தது. 1226-க்குப் பின் சுமார் 30 ஆண்டுகளுக்குத் தேதியிட்ட ஓடுகள் அரிதாகவே கிடைக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே கரும்பலகையில் நான் எழுதியது முழுப் பொய்யன்று. ஆனால் "அழிந்தன" என்று முற்றுப்புள்ளி வைத்தேனே, அதுதான் பிழை. ஹுலாகுவின் மகன் அபாகாவே 1270-களில் தக்தெ சுலைமான் என்னுமிடத்தில் அரண்மனை எழுப்பி, அதன் சுவர்களை இத்தகைய ஓடுகளால் அலங்கரித்தான்.

இவற்றைச் செய்தவர்கள் காஷான் நகரத்துக் குயவர்கள். பாரசீகத்தில் ஓட்டுக்குக் "காஷி" என்னும் பெயரே அவ்வூரால் வந்தது. அங்கே அபூ தாஹிர் என்பவரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நடத்திற்று. அவ்வழியில் வந்த அபுல் காசிம் குயவர் மகனாகப் பிறந்து, அரசவைச் சரித்திராசிரியராக உயர்ந்தவர். (சரித்திர வாத்தியாராகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி!) அவர் 1301-இல் எழுதிய நூலில் குடும்பத்தின் தொழில் இரகசியத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பொடித்த படிகக்கல் 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, வெண்களிமண் 1 பங்கு: இதுதான் ஓட்டின் உடல். அதன்மேல் வெள்ளீயம் கலந்த வெண்ணிறக் கண்ணாடிப் பூச்சு இட்டு, ஒருமுறை சுட்டு ஆறவைக்கவேண்டும். பின்னர் வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் சித்திரமும் எழுத்தும் தீட்டி, மறுபடியும் சூளையில் ஏற்றவேண்டும். இந்த இரண்டாம் சூடே கைவேலையின் உயிர்நாடி. காற்றைக் குறைத்து நெடுநேரம் புகையூட்டுவர். புகையானது கலவையிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ள, உலோகம் மெல்லிய படலமாகப் பூச்சில் படிந்துவிடும். புகை மிஞ்சினால் ஓடு கெட்டது. குறைந்தால் நிறம் ஏறாது. ஆறிய ஓட்டை ஈரமண்ணால் தேய்த்தால்தான் பொன்னொளி வெளிப்படும். குன்றிமணி அளவு பொன்னும் அதில் இல்லை!

அபுல் காசிமின் தந்தை அலி என்பவரே, அதே சமாதியில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் என்னும் மாடத்தை 1265-இல் செய்தளித்தவர். 12 அடிக்கு மேல் உயரமுள்ள அதில் திருக்குர்ஆன் வசனங்களோடு தம் பெயரையும் ஆண்டையும் எழுதினார். அவர் மகன் யூசுப், மற்றொரு கலைஞருடன் சேர்ந்து 1305-இல் சமாதிக்கு மேல்மூடி செய்தார்.

மங்கோலியர் ஆட்சியில் எழுந்த இச்சுவர் அறுநூறு ஆண்டுகள் நின்றது. அதைக் கலைத்தவர்கள் படைவீரர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் விலை கொடுக்க, விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. இன்று அவை பல நாட்டுக் காட்சிசாலைகளில் சிதறிக் கிடக்கின்றன. யூசுப் செய்த மேல்மூடி ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் காட்சிசாலையில் இருக்கிறது. மிஹ்ராபை 1940-இல் டோரிஸ் டியூக் என்னும் அமெரிக்கச் செல்வப் பெண்மணி வாங்கி, ஹவாயின் ஹொனலூலு நகரிலுள்ள தம் மாளிகையில் நிறுத்தினார். அம்மாளிகையும் இப்போது காட்சிசாலையாகிவிட்டது. சிதறிய ஓடுகள் ஒரே சுவரைச் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் இனங்காண்பதற்குப் பெரிதும் துணைநிற்பவை, வசனத்தின் ஓரத்தில் குயவர் எழுதிவைத்த அந்த மாதமும் ஆண்டுமே.

வராமீனில் சமாதி இன்றும் நிற்கிறது. மக்கள் வந்து தொழுகின்றனர். உள்ளே சுவரில், மிஹ்ராப் இருந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது.