வெளிச்சவீட்டுக்கு முந்திய வெள்ளி

இலங்கையின் வெளிச்சவீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிரித்தானியப் பொறியியலாளரிடமிருந்தே தொடங்குகிறார்கள். கிரிந்தைக்கு அப்பால் கடல்நடுவே நிற்கும் பெரிய பாஸ் வெளிச்சவீட்டுக்கும் இதே கதிதான். 'பாஸ்' என்பது கடல் திட்டைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. சிங்களத்தில் அதற்கு மகா ராவணா கோட்டை என்று பெயர். ஸ்கொட்லாந்தில் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலேற்றி வந்து, ஜேம்ஸ் டக்ளஸின் வரைபடத்தின்படி கட்டி, 1873 மார்ச் 10இல் விளக்கேற்றினார்கள். அருமையான வேலை, மறுப்பதற்கில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் அதைச் சாய்க்கவில்லை.

ஆனால் அவ்விளக்கின் காலடியில் இன்னொரு சரித்திரம் கிடந்தது. 1961இல் அங்கு சுழியோடிய மைக் வில்சன் குழுவினர் உடைந்த கப்பலொன்றின் சிதைவில் வெள்ளி நாணயங்களைக் கண்டனர். ஆர்தர் சீ. கிளார்க் 1964இல் அதை நூலாக்கினார். பைகள் மக்கிப்போன பிறகும் அவற்றின் வடிவம் மாறாமல் நாணயங்கள் கட்டிகளாக இறுகியிருந்தன. எல்லாம் சூரத் நாணயச்சாலையில் அடித்தவை. பாரசீக எழுத்தில் ஔரங்கசீப் ஆலம்கீரின் பெயர். ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02. கைமாறித் தேய்ந்த காசுகளல்ல. வர்த்தகத்துக்கென மொத்தமாய்க் கட்டி அனுப்பிய புதுக்காசுகள்.

சூரத் அக்காலத்தில் ஹாஜிகள் கப்பலேறும் துறை. மக்காவின் வாசல் என்றே பெயர். 1718இல் மௌத்தான முல்லா அப்துல் கபூர் என்ற சூரத் வர்த்தகரிடம் பதினேழு கப்பல்களளவில் இருந்தன. மூழ்கியது அவருடையதென்று சொல்ல வரவில்லை. வெளிச்சவீடு எழுவதற்கு 170 வருடங்களுக்கு முன்பே இக்கடற்பாதையில் இத்தகைய வர்த்தகம் ஓடியது என்பதே என் பேச்சு. அண்மையிலுள்ள ஹம்பாந்தோட்டையின் பெயர் சம்பான் மரக்கலத்திலிருந்து வந்தது என்பர். கரையோரச் சோனகரைத் தமிழில் சம்மான்காரர் என்றதும் அச்சொல் வழியேதான்.

வடபுல முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டனர். திரும்பி வந்தோரிடம் "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று கேட்பவர் இன்னும் உண்டு. நம்மவர் அதற்குப் பாவாதமலைக் கதையைச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் 'அரபிகள் வியாபாரத்துக்கு வந்தார்கள்' என்ற ஒற்றை வரி. கடலடியில் ஆண்டு பொறித்த சாட்சி இருக்கையில் இது போதுமா?

புளியங்குளத்தில் கடலைப் பாராத பிள்ளைகளுக்கும் வரலாறு படிப்பிக்கிறேன். அந்தக் காசிலுள்ள எழுத்துகளை நம் மத்ரஸாப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவார்கள். அதன் படத்தையாவது ஒருநாள் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோமா?