46 நாளில் எழுந்த பாலம், எழாமலே போன ஊர்

இந்த வாரம், நம்மில் பல பேர் குடும்பத்தோடு போய்வந்த ஒரு கடற்கரையின் கதை.

புதியம்புத்தூரில் பொங்கல் ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்து, தையல் மிஷின்கள் கொஞ்சம் மூச்சு விடுகிற நாட்களில் தெருவுக்கு ஒரு வேன் கிளம்பும். அதில் பாதி ராமேஸ்வரத்துக்குத்தான். குளத்தூர், வேம்பார், சாயல்குடி, கீழக்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போய், ராமநாதபுரம் தாண்டி, பாம்பன் பாலத்தில் வேனை ஓரங்கட்டி எல்லாருமாக ஒரு போட்டோ. அப்புறம் அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், சாமி தரிசனம். மத்தியானம் கட்டுச்சோறு. பெரியவங்களுக்கு அதோட பயணம் முடிந்தது. பிள்ளைகளுக்கு அப்போதான் ஆரம்பிக்குது: தனுஷ்கோடி.

நாம இதைக் கோயிலுக்குப் போறதா நினைச்சுக்கிறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, பாம்பன் ஒரு தீவு. சுற்றிலும் கடல், வெள்ளை மணல், பனைமரம். அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ டிக்கெட் போட முடியாத கரிசல்காட்டுக் குடும்பத்துக்குக் கிடைக்கிற தீவு விடுமுறை இதுதான். கிணற்றில் தண்ணீர் பார்ப்பதே பெரிய விஷயமான ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு, ரெண்டு பக்கமும் கடல், நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு ரோடு என்பது மறக்கவே மறக்காது.

அங்கே இடிந்து நிற்கிற சர்ச் முன்னால் எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். "இது எந்த ராஜா கட்டுனது?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். எந்த ராஜாவும் இல்லை. அந்த ஊரில் பிறந்து, அந்தத் தெருவில் விளையாடியவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். தாத்தா வயசு, அவ்வளவுதான்.

இந்த எபிசோடின் கேள்வி இதுதான். 1964-ல் ஒரே ராத்திரியில் பாம்பன் பாலமும் உடைந்தது, தனுஷ்கோடியும் அழிந்தது. பாலம் 46 நாளில் திரும்ப எழுந்தது. ஊர் அறுபது வருஷம் தாண்டியும் எழவில்லை. ஏன்?

முதலில் நம்ம தூத்துக்குடி

தனுஷ்கோடிக்கு முன்னாடி இலங்கைக்குப் போகிற வழி நம்ம பக்கம்தான் இருந்தது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மதுரை, கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி வந்து இறங்கி, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறுவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளிலும் ஒரு பெரிய கூட்டம் நம்ம கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே போனதுதான். அந்தக் கப்பல் வழியில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகத்தான் ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். புதியம்புத்தூரிலிருந்து ஒட்டப்பிடாரம் எட்டிப்பிடிக்கிற தூரம், அதனால இதைச் சொல்லாம விட முடியாது.

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பித்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ராத்திரி முழுக்கக் கடல். இங்கேயோ இடையில் இருப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போய்விடலாம். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

ஊர் எப்படி இருந்தது

தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது. கப்பல் ஏற ஜெட்டி. சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், சின்ன ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச், கோயில் எல்லாம் இருந்தது. ரயில்வே ஊழியர்கள், சுங்கக்காரர்கள், போர்ட்டர்கள், கடைக்காரர்கள், மீனவர்கள் என்று எல்லாரும் கலந்த ஊர். இன்றைக்கு நாம் ஒரு விமான நிலையத்தை எப்படிப் பார்க்கிறோமோ, அப்படி நாடு விட்டு நாடு போகிறவர்கள் கடந்து போன வாசல் அது.

அந்த வாசல் 1964-லேயே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டுதான் இருந்தது. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடிகள் கூடின. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அவ்வளவு பேரும் வர வேண்டிய கடல்வழி இதுதான். அந்தக் கையெழுத்தின் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டிசம்பர் 22

அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையின் வடக்குப் பகுதியைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியின் மேல் வந்து விழுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ஊரை அழித்தது காற்றைவிடக் கடல்தான். மணல் திட்டு மாதிரி இருக்கிற நிலத்தின் மேல் இரண்டு பக்கத்துக் கடலும் ஏறிவிட்டது.

அன்று ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தபோது அலையில் அடித்துப் போனது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். ஒருத்தரும் பிழைக்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்களைத்தானே கணக்கில் சொல்ல முடியும்? டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்பார்கள்.

அதே சமயம் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். சாமி கும்பிடவும் கடல் பார்க்கவும் வந்தவர்கள், நம்மை மாதிரியே. தப்பித்தார்கள். அந்த வருஷம் பத்திரிகை படித்த பல பேருக்கு அந்தப் புயல் இந்த இரண்டு பெயரோடுதான் நினைவில் நின்றது. ரயிலில் போனவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டில் மட்டும் நின்றன.

46 நாள்

பாம்பன் பாலத்தின் கர்டர்களில் மிகப் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது. சீர் செய்ய ரயில்வே முதலில் ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஒரு முப்பத்திரண்டு வயது இன்ஜினியரிடம் வந்தது. அவர்தான் பின்னாளில் கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கிய இ. ஸ்ரீதரன். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி மேலே தூக்கி, திரும்பப் பொருத்தி, 46 நாளில் வேலையை முடித்தார்கள்.

இன்ஜினியரிங் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். காலேஜில் எங்களுக்கு இதை ஊக்கப் பேச்சு மாதிரி சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையில் யாரும் சேர்க்காத ஒரு வரி உண்டு: பாலம் தாண்டி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டத்தில் ஏதாவது உடைந்தால் டிக்கெட் போடுவோம். சிலதை 'ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணு' என்று மேலே வைப்போம். சிலதை 'சரி செய்யப் போவதில்லை' என்று எழுதி மூடிவிடுவோம். மூடியதற்குக் காரணம் எப்போதும் இருக்கும். ஆனா அந்த அம்சத்தை நம்பி இருந்த நாலு பேர்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

தனுஷ்கோடியும் அப்படி மூடப்பட்ட டிக்கெட். காரணம் இல்லாமல் இல்லை. பாலம் ராமேஸ்வரத்துக்கு வேண்டும். கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிவிடலாம், மாற்றினார்கள். தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் 'ராமானுஜம்' கப்பலில் தலைமன்னாரிலிருந்து வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில்தான். 1980-களில் இலங்கையில் போர் மூண்டு அந்தக் கப்பலும் நின்றது. தனுஷ்கோடியை 'மக்கள் வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்தது. இன்னொரு புயல் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால், அந்த முடிவைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் மீன் அங்கேதானே இருக்கிறது

மீனவர்கள் திரும்பிப் போனார்கள். முகுந்தராயர் சத்திரம், கம்பிப்பாடு பக்கம் ஓலைக் குடிசை போட்டார்கள். கரைவலை இழுத்தார்கள். மணலைத் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரைப் பெண்கள் சிரட்டையில் கோரி எடுத்தார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று காகிதத்தில் இருக்கிற ஊருக்கு மின்கம்பி எப்படி வரும்? பல பத்தாண்டுகள் வரவில்லை, சோலார் விளக்குதான். உடம்புக்கு முடியவில்லை என்றால் மணலில் ஓடுகிற மீன் வண்டியையோ ஜீப்பையோ பிடித்து ராமேஸ்வரம் வர வேண்டும்.

ராமேஸ்வரத் தீவுக்கு 1988-ல் சாலைப் பாலம் வந்தது. வேன் வைத்துக் குடும்பத்தோடு போகும் வழக்கம் நம்ம ஊரில் பெருகியதே அதற்குப் பிறகுதான். ஆனால் தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வந்தது 2017 ஜூலையில், அரிச்சல்முனை வரைக்கும். 1964-லிருந்து கணக்குப் போட்டால் 53 வருஷம். அங்கே இருந்த குடும்பங்கள் அத்தனை வருஷம் இருந்தும் வராத ரோடு, நாம சுற்றிப் பார்க்கப் போகும் காலத்தில் வந்தது. ரோடு வந்ததில் அவர்களுக்கும் லாபம் உண்டு. மீன் சீக்கிரம் போகிறது, சங்கு, பாசி, பொரித்த மீன் விற்கக் கடை போடலாம். நான் குறை சொல்ல வரவில்லை. வரிசையைக் கவனிங்க என்றுதான் சொல்றேன்.

அடுத்த வரிசையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக்கு எப்போதும் ஒரு அடுத்த கட்டம் இருக்கிறது.

ஒரே நிலத்துக்கு இப்போது இரண்டு பெயர். சாயங்காலம் வரை சுற்றுலாத் தலம். இருட்டினதும் நம்மைக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அது வாழத் தகுதியற்ற இடம். அதில்தான் அவர்கள் தூங்குகிறார்கள்.

அடுத்த முறை போனால் ரெண்டு விஷயம். ஒன்று, அரிச்சல்முனையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீங்க. ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பெண் கடல் அமைதியாகத் தெரிவதை நம்பி இறங்க வேண்டாம், முனையில் நீரோட்டம் பொல்லாதது. ரெண்டாவது, உங்க வீட்டில் தாத்தா, ஆச்சி, யாராவது அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போனவங்க, அங்கிருந்து வந்தவங்க இருந்தால், போனை எடுத்து அவங்க குரலைப் பதிவு பண்ணுங்க. எந்த ரயிலில் போனாங்க, ஜெட்டியில் என்ன சாப்பிட்டாங்க, சுங்கத்தில் எதைப் பிடுங்கினாங்க, அதெல்லாம் கேளுங்க. அப்போ கைக்குழந்தையாகக் கப்பல் ஏறியவருக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. இதுக்கு 46 நாள் கெடுகூட நம்ம கையில் இல்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.