திருவொற்றியூர்: பேரரசும் இறவாமையும்

திருவொற்றியூர், சென்னையின் வடபகுதியில் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரமாக அமைந்த பழம்பதி. துறைமுகம் நோக்கி வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் தொழிற்சாலைகளையும் வைத்தே இன்று பலர் இவ்வூரை அறிகிறார்கள். சோழர் காலத்தில் இது தொண்டை மண்டலத்தின் முதன்மையான சைவ மடங்களில் ஒன்றைத் தாங்கிய ஊர். நாடாளும் வேந்தரும், சாவை வெல்ல முயன்ற துறவியரும் ஒரே கோயில் வளாகத்தில் சந்தித்ததற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சீனத்துச் 'சியான்சியா' புனைகதைகளைப் படிக்கும் இன்றைய இளையோருக்கு இந்தச் சந்திப்பு புதிதாக இராது. எல்லை காணமுடியாத பேரரசு, மலைமுகடுகளில் துறவியர் குழுக்கள், மூச்சையும் உயிராற்றலையும் பயின்று படிப்படியாக இறவாநிலைக்கு ஏறும் நாயகன், குருமார்களுக்கு அஞ்சும் பேரரசர்: அந்தக் கதையுலகின் கட்டமைப்பு இதுதான். அதற்கு வரலாற்று வேர்கள் உண்டு. சீனத்தின் முதல் பேரரசரான சின் சி குவாங், கி.மு. 219இல் இறவாமை மருந்தைத் தேடிச் சூ ஃபூ என்பவரைக் கடல்வழி அனுப்பினார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற தாவோ அறிஞர், பாதரசம் அடங்கிய சாதிலிங்கம் என்னும் தாதுவைப் புடமிட்டு அமுதம் செய்யும் முறைகளை எழுதிவைத்தார். தமிழ்ச் சித்தர்களின் இரசவாதம், காயகற்பம், வாசியோகம் ஆகியவை இதற்கு வெகு அருகில் நிற்பவை. பழனியோடு தொடர்புபடுத்தப்படும் போகர் சீனம் சென்று வந்தார் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவர் சீனத்திலிருந்தே வந்தவர் என்பாரும் உண்டு. இந்த வழக்குகளை வரலாறாகக் கொள்ள இயலாது. திருவொற்றியூரின் துறவியரோ கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள்.

சதுரானன பண்டிதர்

கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் போர் நடந்தது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பின்னாளில் அழைக்கப்பட்டவன் அவன். தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் கைக்குப் போயிற்று. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்' என்கின்றன. அவனது 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏறத்தாழ 959ஆம் ஆண்டின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று திருவொற்றியூரில் உள்ளது. அதன் நாயகன் வல்லபன்.

சேர நாட்டில் பிறந்த வல்லபன் இளமையிலேயே கலைகள் பயின்று, சோழ நாடு வந்து இராசாதித்தனுக்கு நெருங்கிய தோழனானான். தக்கோலப் போரின்போது அவன் இளவரசன் பக்கத்தில் இல்லை. தோழனோடு களத்தில் மடியாதது தன் குடிப்பிறப்புக்கும் கடமைக்கும் தகாது என்று மனம் நொந்தான். கங்கைக்குச் சென்று நீராடித் துறவு பூண்டான். பின்னர் திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குருவின் குகையில் தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்துக்குத் தலைவரானார். தாம் பிறந்த அவிட்ட நாளில் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்கவேண்டும் என்று நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிட்கம் பொன்னை முதலாக வைத்தார்.

இப்படி ஒரு மனிதனின் குற்றவுணர்வைச் சொல்லும் கல்வெட்டுகள் மிகச் சில. மெய்க்கீர்த்திகள் வெற்றிகளை அடுக்கும். தானக் கல்வெட்டுகள் ஆட்டையும் நெய்யையும் கணக்கிடும். இங்கோ செத்திருக்க வேண்டிய இடத்தில் சாகாமல் போன வீரன் ஒருவன், மிஞ்சிய தன் வாழ்நாளை என்ன செய்தான் என்பதைப் பதிந்துவைத்திருக்கிறான். தோழனைக் கொன்ற பேரரசின் ஆட்சியாண்டைக் குறித்தே அவன் பொன் வைக்கவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கல்லின் கனம் புரியும். நடுநாட்டில் 'கிராமம்' என்றே பெயர்கொண்ட ஊரில் 943இல் கற்கோயில் எடுப்பித்த சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளங்குமரனே இந்த வல்லபன் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

விமானமும் அரசவையும்

சோழர் மீண்டெழுந்தபோது மடம் மேலும் உயர்ந்தது. சதுரானன பண்டிதர் என்பது மடத்தின் தலைமைக்குரிய பட்டப்பெயராகத் தொடர்ந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அப்பட்டம் தாங்கிய ஒருவரின் விருப்பப்படி, வீரசோழத் தச்சன் என்னும் இரவி, இக்கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரரின் கருவறைமேல் மூன்று நிலை விமானத்தைக் கருங்கல்லால் எழுப்பினான். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை வடிவ விமானம் அது. இராசேந்திரனின் படை 1025இல் கடல்கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கியது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சீனத்துச் சோங் அரசவைக்குச் சென்றனர். வங்கக் கடலின் இருபுறமும் பெயர் பரவிய பேரரசு, இந்தக் கரையோரத் துறவியின் சொல்லைக் கேட்டுக் கல்சுமந்தது.

இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இன்னொரு காட்சியைத் தருகிறது. பங்குனி உத்திர விழாவில், மடத்துச் சதுரானன பண்டிதரும் சோமசித்தாந்தம் என்னும் சைவக் கோட்பாட்டை உரைக்கும் வாகீச பண்டிதரும் உடனிருக்க, அரசன் அமர்ந்து ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்டான். ஆளுடைய நம்பியான சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இவ்வூரில்தான் என்பதால், சொந்த ஊர்க் கதையைக் கேட்கும் மகிழ்ச்சியும் அங்கே இருந்திருக்கும்.

அரசுக்கும் இவ்வூருக்கும் இருந்த உறவைத் தலபுராணம் தன் வழியில் சொல்கிறது. கோயில்களுக்குரிய படித்தரத்தைக் குறைக்குமாறு அரசன் ஓலை அனுப்பியபோது, வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று யாரும் அறியாமல் எழுதிவைத்தவர் இறைவனே என்பது கதை. 'எழுத்தறியும் பெருமான்' என்னும் பெயர் அதனால் வந்தது.

பட்டினத்தாரும் வள்ளலாரும்

மடத்துத் துறவியர் பட்டமும் நிலமும் பெற்றிருந்தனர். பட்டினத்தாரிடம் ஓடு கூட நிலைக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகச் செல்வரான அவர், காதில்லாத ஊசி ஒன்றைக் கண்டு எல்லாவற்றையும் உதறினார் என்பது வழக்கு. கையில் ஏந்திய கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கேதான் அவருக்கு முத்தி என்பது கதை; அது இனித்த இடம் திருவொற்றியூர். அங்கே கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளிடம் தம்மைக் கூடையால் மூடச் சொல்லி இலிங்கமாக மாறினார் என்கிறார்கள். பதினோராம் திருமுறையில் இடம்பெற்ற பட்டினத்தார் வேறு, பிற்காலச் சித்தர் பாடல்களுக்குரியவர் வேறு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கரையோரச் சமாதிக் கோயிலுக்கு வருவோர் அந்த வேறுபாட்டைத் தேடி வருவதில்லை.

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் மருதூரில் 1823இல் பிறந்தவர். அவர் சென்னை ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமி பிள்ளைத் தெருவில் வாழ்ந்த காலத்தில் திருவொற்றியூருக்கு நடந்துவந்து வழிபட்டார். வடிவுடை மாணிக்க மாலை, எழுத்தறியும் பெருமான் மாலை ஆகியவை இந்தக் கோயிலைப் பற்றியவை. 1858இல் சென்னையை நீங்கிய அவர், 1865இல் சன்மார்க்க சங்கத்தையும், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும், 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவினார். மேட்டுக்குப்பத்தில் 1874 சனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டவர் பிறகு காணப்படவில்லை. அவர் ஒளியுடம்பு பெற்றார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள்.

சீனக் கதைகளில் இறவாமை ஒரு சிலருக்கே எட்டும் உச்சி. அதை அடைந்தவன் மற்றவரை மண்டியிட வைக்கிறான். வள்ளலார் சொன்ன மரணமிலாப் பெருவாழ்வு எல்லாருக்கும் உரியது. அதற்கு அவர் வகுத்த முதற்படி பசித்தவருக்குச் சோறிடுவது. 1867இல் மூட்டிய வடலூர் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தமிழ்ச் சித்தர் மரபு உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய கருத்து இதுவே என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்றைய நிலை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. மெரினா அகன்றது, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது, மீனவக் குடியிருப்புகள் பல அழிந்தன. இப்போது கரை நெடுகப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கடலோரமாக உள்ள பட்டினத்தார் கோயிலைக் காப்பதற்கும் அந்தக் கற்களே அரண்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் திருவொற்றியூர் தேரடி வழியாக விம்கோ நகர் வரை நீண்டது. தேரடியில் இறங்கினால் கோயில் நடைதூரம். புற்றுவடிவான மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்களுக்கு மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள்.