காலத்தை எழுதும் கருவிக்குக் காலம் கணித்தல்

'குரோனோகிராஃப்' என்ற சொல்லின் கிரேக்க வேரைத் தேடிப் போனால் 'காலத்தை எழுதுவது' என்ற பொருள் கிடைக்கிறது. இது வெறும் அலங்காரப் பெயரன்று. 1821ஆம் ஆண்டு பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்ற கடிகாரக் கலைஞர் பயன்படுத்திய கருவி, குதிரைகள் எல்லையைக் கடக்கும்போது முகப்பின்மீது மைப்புள்ளி இட்டது. பின்னாளில் மை போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது, சுவிட்சர்லாந்தில் 1940கள் முதல் 1960கள் வரை உருவான குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களைப் பற்றி. நேரம் காட்டுவதோடு, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் ஓடி, நின்று, தொடக்கத்துக்குத் திரும்பும் நொடிமுள்ளும் இவற்றில் உண்டு.

இக்கடிகாரம் ஒன்று கையில் கிடைத்தால் அது எவருடையது, எந்த ஆண்டினது என்று எப்படிச் சொல்வது? ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் ஒற்றை வரியை நம்பிக் காலம் கணிப்பதில்லை. எழுத்தின் வடிவம், மொழிநடை, ஏட்டின் நிலை, பிற பிரதிகள் ஆகிய எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இடைச்செருகலை விலக்கிய பிறகே முடிவுக்கு வருகிறார். கடிகாரத்திலும் வழி அதுவே.

முகப்பில் அச்சிட்ட பெயரை முதற்சான்றாகக் கொள்ளலாகாது. அக்காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் உள்ளியந்திரத்தைத் தாமே செய்யவில்லை. வால்ஷூ, வீனஸ், லாண்டெரான், லெமானியா முதலிய சில பட்டறைகள் செய்து தந்தவற்றைப் பல நிறுவனங்களும் தத்தம் பெயரில் விற்றன. 1938இல் வந்த வால்ஷூ 72 என்ற இயந்திரமே, 1963இல் வெளிவந்த ஹோயர் கரேராவிலும் ரோலெக்ஸ் டேடோனாவிலும் இருந்தது. ஆகவே பின்மூடியைத் திறந்து, பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் பொறித்திருக்கும் சிறு முத்திரையையும் எண்ணையும் பார்க்க வேண்டும். முகப்பு சொல்லும் பெயரும் அந்த எண்ணும் பொருந்துகின்றனவா என்பதே முதற்கேள்வி.

மூடியைத் திறக்காமலே சில எல்லைகளை வகுத்துவிடலாம். ஒரே பொத்தானால் ஓட்டம், நிறுத்தம், மீட்சி மூன்றையும் செய்யும் கடிகாரம் பெரும்பாலும் முற்காலத்தது. இரண்டாம் பொத்தானைப் பிரைட்லிங் நிறுவனம் கொண்டுவந்தது 1934இல். லாண்டெரான் 48 வகையில் மேற்பொத்தான் ஓடவிடுவதற்கு மட்டுமே. நிறுத்துவதும் தொடக்கத்துக்குத் திருப்புவதும் கீழ்ப்பொத்தானின் வேலை. அழுத்திப் பார்த்தே அதன் இனத்தைச் சொல்லிவிடலாம். தானாக முறுக்கேறும் குரோனோகிராஃப்கள் வந்த ஆண்டு 1969. அத்தகைய ஒன்றை '1955ஆம் ஆண்டுக் கடிகாரம்' என்று எவரேனும் விற்றால், மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

முகப்பின் விளிம்பில் உள்ள அளவுகோல்கள், கடிகாரம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கின்றன. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 நொடியானால் முள் 80 என்ற எண்ணில் நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்று பொருள். மின்னலைக் கண்டதும் பொத்தானை அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்தினால் தொலைவைக் காட்டும் அளவுகோல் இன்னொன்று. அது பீரங்கிப் படையினருக்கும் பயன்பட்டது. மருத்துவர்களுக்கு நாடித்துடிப்பு அளவுகோல். நிமிடங்களை எண்ணும் சிறு வட்டத்தில் 3, 6, 9 ஆகிய இடங்களில் மட்டும் கோடுகள் நீண்டிருந்தால், அவை தொலைபேசி உரையாடலை மும்மூன்று நிமிடமாகக் கணக்கிட்ட காலத்தின் அடையாளம். டிரங்க் கால் போட்டுப் பேசிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருளில் ஒளிரும் பூச்சு இன்னும் நம்பகமான சாட்சி. 1960களின் தொடக்கம் வரை ரேடியம் கலந்த பூச்சே வழக்கில் இருந்தது. அதன்பின் டிரிடியம் வந்தது. முகப்பின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் பொறிக்கலாயினர். ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். டிரிடியத்துக்கோ 12 ஆண்டுகளுக்குச் சற்று மிகுதி. பழைய ரேடிய முகப்பு இன்று ஒளிராமல் போனதற்குக் காரணம், கூடக் கலந்த ஒளிர்பொருள் தேய்ந்துபோனதுதான், கதிர்வீச்சு குறையவில்லை. கைகர் கருவியை அருகில் கொண்டுசென்றால் அது உடனே பேசும். இத்தகைய முகப்பைச் சுரண்டுவதோ அதன் தூசியை முகர்வதோ ஆபத்து என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். முகப்பில் 'டி' எழுத்து, முட்களில் ரேடியம் என்று வந்தால், இரண்டும் ஒரே காலத்தவை அல்ல என்ற ஐயம் எழுகிறது.

கூடு தங்கமானால் சுவிஸ் அரசு முத்திரை இருக்கும். 1995 வரை 18 காரட்டுக்கு ஹெல்வேஷியா என்னும் பெண்தலை, 14 காரட்டுக்கு அணில். பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய நுண்ணிய எழுத்துகளும் எண்களும் சில வேளை தென்படும். கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர்கள் இட்டுச் சென்ற குறிப்புகள் அவை. ஏடு எழுதியவர் இறுதியில் தம் பெயரையும் நாளையும் குறித்துவைப்பதைப் போன்ற இந்தக் கீறல்களை, விளம்பரங்களைக் காட்டிலும் நாம் மதிக்கலாம்.

பலரும் முடிவான சான்றாகக் கருதுவது இயந்திரத்தின் தொடரெண்ணை. லாஞ்சின் போன்ற நிறுவனங்கள் பழைய பதிவேடுகளைப் பேணிவருகின்றன. எண்ணைச் சொன்னால் ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டு இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. கூடும் முகப்பும் முட்களும் அதனுடன் பிறந்தவை என்று பதிவேடு உறுதி சொல்வதில்லை.

இதன் பொருள் 2021 நவம்பரில் ஜெனீவாவில் வெளிப்பட்டது. 1957இல் வந்த முதல் வகை ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, கருமுகப்பு அழகாகப் பழுப்பேறிய நிலையில், ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க். விலைபோனதோ 31 லட்சம் ஃபிராங்க்குக்கு மேல். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023இல் அந்நிறுவனமே உண்மையை அறிவித்தது: பல பழைய கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது அது, தன் முன்னாள் ஊழியர் மூவருக்கும் அதில் பங்குண்டு என்றது. நாம் கவனிக்க வேண்டியது, பாகங்கள் பெரும்பாலும் உண்மையானவையே என்று ஒமேகா சொன்னதைத்தான். ஒவ்வொரு சொல்லும் பழைய சொல்லாக இருந்தும், பாட்டு அந்தப் புலவருடையதன்று.

போலியைக் காட்டிலும் பரவலான தீங்கு நல்லெண்ணத்தால் நேர்வது. மங்கிய முகப்புக்குப் புதுவண்ணம் பூசுகிறார்கள், வார் கோக்கும் கொம்புகளின் கூரிய விளிம்பு மழுங்கும்வரை மெருகேற்றுகிறார்கள், ஒளிப்பூச்சைப் புதுப்பிக்கிறார்கள். நம் நாட்டில் மறுவண்ணம் பூசி விற்கப்படும் பழைய கடிகாரங்களுக்கு, அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்ற கேலிப்பெயரே வழங்குகிறது. செய்பவர் எவரையும் ஏமாற்ற நினைக்காமலிருக்கலாம். ஆனால் பூச்சும் மெருகும் சான்றுகளை அழித்துவிடுகின்றன. அவற்றைப் பிறகு எவராலும் மீட்க முடியாது.

ஆகவே வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் குரோனோகிராஃப் கிடந்தால், அதைப் பளபளப்பாக்கும் முன் நன்றாகப் பார்த்துவிடுவோம். கீறல், கறை, பழுப்பு ஆகிய ஒவ்வொன்றையும் படமெடுத்து வைப்போம். எண்ணெயிட்டு ஓடவைக்கச் சொல்லிக் கொடுக்கும்போது, முகப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்போம்.